பட்டன் அக்கார்டியனில் எந்த விரலை எங்கே வைப்பது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது பழைய சாமான் சந்தையில் ஒரு பட்டன் அக்கார்டியனைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். அன்றிலிருந்து ஊரிலும் இங்கேயும் இருக்கிற நம்மவர்கள் ஒரே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். நம் சினிமாப் பாட்டில் கேட்டுப் பழகிய அக்கார்டியன் பெரும்பாலும் பியானோ மாதிரி கீ வைத்தது. இது வலது கைக்கும் வட்டப் பட்டன்கள் வைத்த குரோமேட்டிக் வகை, கணக்கே வேறு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இத்தனை பட்டன் இருக்கிறதே, மொத்தம் எத்தனை ஸ்வரம்தான் அதில்?

அதே பன்னிரண்டுதான். உள்ளங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் வெளி ஓர வரிசையை 1 என்றும், துருத்தியை நோக்கி 2, 3 என்றும் எண்ணுங்கள். மூன்று வரிசையிலேயே பன்னிரண்டு ஸ்வரமும் முடிந்துவிடும். சி-யை ஒரு கட்டை என்று எண்ணும் நம் சுருதிக் கட்டைக் கணக்கில் சொன்னால் முதல் வரிசையில் 1, 2½, 4½, 6. இரண்டாவதில் 1½, 3, 5, 6½. மூன்றாவதில் 2, 4, 5½, 7. அதற்குப் பிறகு அடுத்த ஸ்தாயி இதே ஒழுங்கில் தொடரும். மோவாய்ப் பக்கம் மந்திர (கீழ்) ஸ்தாயி, தொடைப் பக்கம் தார (மேல்) ஸ்தாயி.

நான்கு, ஐந்து வரிசை இருக்கும் கருவியில் புது ஸ்வரம் எதுவும் வராது. நான்காவது வரிசை முதல் வரிசையின் நகல், ஐந்தாவது இரண்டாவதின் நகல், அவ்வளவுதான். இந்த நகல்கள் எதற்கு என்பதில்தான் விரல் சண்டை பாதி இருக்கிறது, பிறகு வருகிறேன். துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரு பட்டனில் ஒரே ஸ்வரம்தான். ஆகவே விரலை முடிவு செய்யும்போது துருத்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சி சிஸ்டம், பி சிஸ்டம் என்கிறார்களே, எதை வாங்குவது? விரல் மாறுமா?

மாறும், முழுசாக மாறும். மேலே சொன்ன அமைப்பு சி சிஸ்டம். சி, அதாவது ஒரு கட்டை, வெளி வரிசையில் இருக்கிறது. அரை அரையாக ஏறினால் விரல் வெளி ஓரத்திலிருந்து துருத்தி நோக்கிச் சாய்வாக இறங்கும். பி சிஸ்டத்தில் அது கண்ணாடியில் பார்ப்பது போல, துருத்திப் பக்கமிருந்து வெளி ஓரத்துக்கு இறங்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன், பின்லாந்து பக்கம் சி புழக்கம். பயான் என்னும் ரஷ்யர்களின் பட்டன் அக்கார்டியன், நார்வே, செர்பியா பக்கம் பி.

எது நல்லது என்று சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கமே போவதில்லை. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதை வாசிக்கிறாரோ அதை வாங்குங்கள். ஆசிரியரே கிடையாது என்றால், உங்கள் ஊரில் எந்தக் கருவியைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரோ அது. இந்தப் பக்கம் முழுக்க சி சிஸ்டத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

விரலுக்கு நம்பர் எப்படி?

பியானோ கணக்கே. கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. சுருதிக்கும் கட்டை, விரலுக்கும் கட்டை என்று நம் மொழியில் ஒரு தொல்லை இருக்கிறது. வெறும் 'கட்டை' என்றால் சுருதி, விரலைச் சொல்லும்போது 'கட்டைவிரல்' என்றே எழுதுகிறேன்.

கட்டைவிரலைப் பயன்படுத்தலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸ் நடனக்கூடங்களில் மியூசெட் வால்ட்ஸ் வாசித்து வளர்ந்த பழைய கைகள் நான்கு விரலில் பறப்பார்கள். கட்டைவிரல் பட்டன் பலகையின் ஓரத்தில் ஊன்றி நிற்கும். மூன்று வரிசை பயானில் வளர்ந்த ரஷ்யர்களில் பலர் கட்டைவிரலைப் பலகைக்குப் பின்னாலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஃபியூக் மாதிரி ஒரே கையில் இரண்டு குரல் ஓடும் இசை அக்கார்டியனுக்கு வந்தது, நான்கு விரல் போதவில்லை, ஐந்தும் வேலைக்கு வந்தன. ஆகவே "கூடாது" என்பவர் பொய் சொல்லவில்லை, அவர் வாசிக்கும் இசைக்கு அது தேவைப்படவில்லை.

என் கருத்து இது. முதல் சில மாதம் ஒற்றை வரி மெட்டை 2, 3, 4, 5 விரல்களில் வாசியுங்கள், ஆனால் கட்டைவிரலை எங்கேயும் ஊன்றாதீர்கள், முதல் வரிசைக்கு மேலே சும்மா மிதக்கட்டும். பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு வாசிக்கும்போதும், வெளி வரிசையில் ஒரு ஸ்வரம் கைக்கு அடியில் வந்து விழும்போதும் அது தானாக இறங்கும். நான் ஓரத்தில் ஊன்றிப் பழகி, பிறகு அதை எடுக்க ஒரு வருஷம் பட்ட பாடு இருக்கிறதே... கட்டைவிரல் ஓரத்தை அழுத்தினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மணிக்கட்டு பூட்டினால் சுண்டுவிரல் செத்துப்போகும். இது வெளியே தெரியாது, வேகம் கூட்டும்போதுதான் தெரியும்.

கட்டைவிரலை எடுத்தால் அக்கார்டியனே ஆடுகிறதே?

அது விரல் பிரச்சினை இல்லை, வார்ப் பிரச்சினை. இடது தோள் வாரை வலதைவிடக் கொஞ்சம் குட்டையாக்குங்கள், கருவியின் எடை இடது தொடையில் உட்காரட்டும், பட்டன் பலகையின் கீழ்முனை வலது தொடையின் உள்பக்கம் சாய்ந்து நிற்கட்டும். பிறகு இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். சரியவில்லை என்றால் சரி. முதுகுக்குப் பின்னால் இரண்டு வாரையும் இணைக்கும் சின்னப் பட்டை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

வரிசைக்கு ஒரு விரல் என்று வைத்துக்கொண்டால் போதாதா? 1-இல் ஆள்காட்டி, 2-இல் நடு, 3-இல் மோதிரம்.

ஆரம்பத்துக்கு அருமையான விதி, எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஒரு கட்டையில் சங்கராபரண ஆரோகணம், அதாவது சி மேஜர் ஸ்கேல், வரிசைக் கணக்கில் 1, 3, 2, 3, 2, 1, 3, 1 என்று ஓடும். விரலாகப் பெயர்த்தால் 2, 4, 3, 4, 3, 2, 4, 2. எந்த விரலும் அடுத்தடுத்து இரண்டு முறை வரவில்லை பாருங்கள், அதனால் ஸ்வரம் ஸ்வரத்தோடு ஒட்டி ஓடும். இதை வாசித்துவிட்டு "அட, இவ்வளவுதானா" என்று நானும் நினைத்தேன்.

சரி, இப்போது கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை வாசிக்கலாம் என்று, அதற்குரிய மாயாமாளவகௌளை ராகத்துக்குப் போங்கள். அதே ஒரு கட்டையில் ச முதல் வரிசை, ரி இரண்டு, க இரண்டு, ம மூன்று, ப இரண்டு, த மூன்று, நி மூன்று, மேல் ச முதல் வரிசை. விதிப்படி விரல் 2, 3, 3, 4, 3, 4, 4, 2. ரி-யிலிருந்து க-வுக்கு நடுவிரலே ஒரு பட்டன் தாவ வேண்டும், த-விலிருந்து நி-க்கு மோதிரவிரல் தாவ வேண்டும். இரண்டு இடத்திலும் சத்தம் அறுந்து, குட்டியாக ஒரு ஓட்டை விழும். மெதுவாக வாசித்தால்கூடக் காதில் விழும். வரிசைக்கு ஒரு விரல் என்ற விதி இங்கே உடைகிறது, ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரம் வந்தாலே உடையும்.

நான் இப்போது வாசிப்பது 1, 2, 3, 4, 3, 4, 5, 1. ச கட்டைவிரலில், ரி ஆள்காட்டியில், க நடுவிரலில். ம, ப, த மூன்றும் மேலே சொன்ன மோதிரம்-நடு-மோதிரம் விளையாட்டே. நி-க்குச் சுண்டுவிரல், மேல் ச-வுக்குக் கட்டைவிரல் அடியில் வந்து பிடித்துக்கொள்ளும். இதுதான் வேதம் என்று சொல்லவில்லை, நீளமான சுண்டுவிரல் இருக்கிறவர் வேறு மாதிரி வாசிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்துக்கு ஒரே விரல் வராத எந்த ஏற்பாடும் பரவாயில்லை.

ஐந்து வரிசை வாங்கினால் எல்லாச் சுருதிக்கும் ஒரே விரல்தானாமே?

கடைக்காரர் சொன்னாரா? பொய் இல்லை. சங்கராபரணத்தையே எடுங்கள். முதல் வரிசையில் தொடங்கினால் 1, 3, 2, 3, 2, 1, 3, 1. ஒன்றரைக் கட்டைக்கு இரண்டாவது வரிசையில் தொடங்கினால் எல்லாவற்றிலும் ஒன்று கூட்டுங்கள்: 2, 4, 3, 4, 3, 2, 4, 2. இரண்டு கட்டைக்கு மூன்றாவதில் தொடங்கினால் 3, 5, 4, 5, 4, 3, 5, 3. வடிவம் அதே, விரல் அதே. இரண்டரைக் கட்டை வேண்டுமென்றால் ஒரு கட்டையில் வாசித்த வடிவத்தை அதே வரிசையில் ஒரு பட்டன் கீழே இறக்கினால் முடிந்தது. பாடுகிறவர் மேடையில் திரும்பி "அரைக் கட்டை ஏத்துங்க" என்று கிசுகிசுக்கும்போது பியானோக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் கை ஒன்றும் காகிதத்தில் வாசிப்பதில்லை. மூன்றாவது வரிசையில் தொடங்கும்போது மொத்தக் கையும் துருத்தி நோக்கி உள்ளே போகிறது, முழங்கை எழும்புகிறது, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு வரிசைப் பட்டன் வந்துவிடுகிறது. தெரியாமல் ஒன்றைத் தொட்டால் அபஸ்வரம். "ஒரே விரல்" என்பது கணக்கில் சரி, தசையில் முழுக்கச் சரியில்லை.

அப்போது மூன்று வரிசையில் ஆரம்பிப்பது வீணா?

இல்லவே இல்லை. மூன்று வரிசையில் எந்த ராகத்துக்கும் மூன்றே வடிவம்தான், பன்னிரண்டு இல்லை. முதல் வரிசையில் தொடங்குவது மேலே இருக்கிறது. இரண்டாவதில் தொடங்கினால் சங்கராபரணம் 2, 1, 3, 1, 3, 2, 1, 2. மூன்றாவதில் தொடங்கினால் 3, 2, 1, 2, 1, 3, 2, 3. மூன்று வடிவம் பழகியவர் கை எப்போதும் வெளி ஓரத்தை ஒட்டி, பத்திரமாக, ஒரே உயரத்தில் இருக்கும்.

ஐந்து வரிசைக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், இங்கே என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள். முதல் மூன்று வரிசையை வீடாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஐந்தும் திண்ணை மாதிரி. வெளி மூன்றில் வாசித்தால் ஒரே விரல் தாவ வேண்டிவருகிறது, அல்லது கை முறுக்கிக்கொள்கிறது என்றால் அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் திண்ணைக்குப் போய்விட்டு வாருங்கள். தொடக்கத்திலிருந்தே ஐந்தையும் கலந்து பழகியவர்களில் சிலர் ஒரே பாட்டை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாதையில் வாசிக்கிறார்கள். கைக்கு எது வழி என்று தெரியாமலே போய்விடுகிறது.

நான் கீபோர்டு வாசிப்பேன். அந்த விரல் பழக்கம் உதவுமா?

கார்டுக்குக் கொஞ்சம் உதவும், ஸ்கேலுக்கு உபத்திரவம். கீபோர்டில் கட்டைவிரல் அடியில் நுழைந்து கை நகர்வது பெரிய வித்தை. இங்கே ஒரு ஸ்தாயி என்பது அதே வரிசையில் நான்கு பட்டன் தள்ளி, பியானோ ஸ்தாயியில் ஏறக்குறையப் பாதி தூரம்தான், அவ்வளவு நகரவே வேண்டியதில்லை. கீபோர்டில் பழகிய கை இங்கே அவசியமில்லாமல் ஓடும்.

மேஜர் கார்டு ச க ப: முதல் வரிசையில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. மைனர் என்றால் முதல் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு, இரண்டாவதில் ஒன்று. இதை ஒரு தடவை கை பிடித்துக்கொண்டால் முதல் வரிசையில் எங்கே தொடங்கினாலும் அதே முக்கோணம்.

பட்டன் கண்ணுக்கே தெரியவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரியக் கூடாது. குனிந்து எட்டிப் பார்க்கும்போது தோள் சாய்ந்து, அதுவரை பார்த்துப் பார்த்து வைத்த விரல் எல்லாம் இடம் மாறிவிடும். பல கருவிகளில் சில பட்டன்களின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், பெரும்பாலும் சி, எஃப் ஸ்வரங்கள். உங்களுடையதில் இல்லை என்றால் நடு ஸ்தாயி ச-வில் மட்டும் ஒரு சின்ன ஒட்டுத்துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டனிலும் ஸ்வரம் எழுதி ஒட்டாதீர்கள். ஒட்டிய ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார், பார்க்க மாத்திரைப் பட்டை மாதிரி இருந்தது.

புத்தகத்தில் ஒரு நம்பர், ஆசிரியர் சொல்வது ஒரு நம்பர். எதை நம்புவது?

முதலில் புத்தகம் எந்த சிஸ்டத்துக்கு என்று பாருங்கள். பி சிஸ்டத்துக்கு எழுதிய விரல் எண்ணை சி-யில் வாசித்தால் விரல் பின்னிக்கொள்ளும், கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கோளாறு. அடுத்தது, அந்த எண் விரலா வரிசையா என்று பாருங்கள், இரண்டையும் அச்சிடும் புத்தகங்கள் உண்டு.

இரண்டும் சரிதான், ஆனாலும் வேறு வேறு என்றால் ஆசிரியர் சொல்வது. உங்கள் கையை அவர் பார்த்திருக்கிறார். அதற்காக விரலைத் தினம் ஒன்றாக மாற்றாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வேண்டாம், கை இடம் மாறும் இடத்தில் மட்டும்.

ஜண்டை வரிசை வாசிக்கும்போது ச ச, ரி ரி இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது.

பட்டன் முழுசாக மேலே வருவதற்குள் மறுபடி அழுத்துகிறீர்கள். மெதுவான காலத்தில் ஒரே விரலில் இரண்டு முறை தட்டினால் போதும். மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக வாசிக்கும்போது, விரல் மாற்றுங்கள், முதல் ச-வுக்கு 3, இரண்டாவதுக்கு 2. முதல் விரல் பட்டனைவிட்டு உள்ளங்கைப் பக்கம் வழுக்கிப் போக, இரண்டாவது அதே இடத்தில் விழ வேண்டும்.

ஐந்து வரிசை இருக்கிறதே, முதல் ச-வை முதல் வரிசையிலும் இரண்டாவதை நான்காவதிலும் வாசிக்கலாமே என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். ஒரு நகல் பட்டனை அழுத்திவிட்டு அதன் ஜோடியைப் பாருங்கள், பெரும்பாலான கருவிகளில் அதுவும் கூடவே உள்ளே போயிருக்கும். இரண்டும் ஒரே மூடியைத்தான் தூக்குகின்றன. முதலாவதை முழுசாக விட்டால்தான் இரண்டாவது பேசும், லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை.

சுண்டுவிரல் பலமே இல்லை. அதை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், அதற்கு உள் வரிசையில் தூரத்து வேலை கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். முதல், இரண்டாவது வரிசையில் அது சுகமாக உட்காரும். மாயாமாளவகௌளை நி போல மூன்றாவதில் வேண்டும்போது விரலை நீட்டாமல் கை முழுவதையும் சற்று உள்ளே கொண்டுபோங்கள். அக்கார்டியனில் ஓங்கி அழுத்தினால் சத்தம் அதிகமாகாது, அது துருத்தியின் வேலை. ஆகவே பலம் என்பதே தேவையில்லை, தாமதமில்லாமல் விழுந்தால் போதும்.

இடது கைக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டாம். சாதாரண பேஸ் பக்கத்தில் ஒரு பட்டனை ச என்று வைத்தால் அதற்கு மேலே பக்கத்தில் ப, கீழே பக்கத்தில் ம. குழி விழுந்த அல்லது கல் பதித்த பட்டன் சி. பேஸுக்கு மோதிரவிரல், மேஜர் கார்டுக்கு நடுவிரல் என்று தொடங்குங்கள். நடுவிரலும் ஆள்காட்டியும் என்று தொடங்குபவர்களும் உண்டு, எதானாலும் ஒன்றில் நில்லுங்கள். பியானோ அக்கார்டியன் பாடப் புத்தகத்தின் இடது கைப் பகுதியே இதற்கும் பொருந்தும்.

கமகம் வருமா?

ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, வராது. உள்ளே இருக்கும் ரீடு நாக்குகள் நிலையான சுருதியில் ஊதுகின்றன, ஹார்மோனியத்துக்கு இருக்கும் அதே குறைதான். ஆனால் அரை அரையாகப் பக்கத்துப் பக்கத்துப் பட்டனில் இருப்பதால் 2, 3, 4 விரல்களில் குட்டி பிர்காக்கள் வழுவழுவென்று வரும், அதில் இந்தக் கருவி கீபோர்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மார்செல் அசோலா, ரிஷார் கலியானோ போன்ற பிரெஞ்சு அக்கார்டியன் கலைஞர்கள் வாசிக்கும் காணொளிகளில் ஒலியை நிறுத்திவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள்.

இரண்டு வருஷமாக நான்கு விரலில் வாசிக்கிறேன். இப்போது ஐந்துக்கு மாறலாமா?

எதற்காக மாற நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெட்டு மட்டும்தான் வாசிக்கிறீர்கள், எங்கேயும் இடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே கையில் மெட்டும் கார்டும் சேர்த்து வாசிக்க ஆசை வந்திருந்தால் மாறுங்கள், ஆனால் பழைய பாட்டுகளைத் தொடாதீர்கள். அவை விரலில் ஊறிவிட்டன, பிரித்தால் இரண்டும் கெட்டுவிடும். புதிதாக எடுக்கும் பாட்டை மட்டும் கட்டைவிரலோடு எடுங்கள்.

மெதுவாக வாசித்தால் சரியாக வருகிறது, வேகம் கூட்டினால் ஒரே இடத்தில் உடைகிறது. விரலா, பயிற்சியா?

ஒரே இடம் என்றால் விரல். வெவ்வேறு இடம் என்றால் பயிற்சி. உடையும் ஸ்வரத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு இரண்டு ஸ்வரம் முன்னால் பாருங்கள், தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனக்கு ஒரு வால்ட்ஸில் மூன்று வாரம் ஒரே இடம் தடுக்கியது. கடைசியில் பார்த்தால் தடுக்கும் ஸ்வரத்தில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு இரண்டு ஸ்வரம் முன்னால், மோதிரவிரலை வைக்க வேண்டிய இடத்தில் சோம்பேறித்தனமாக நடுவிரலை வைத்திருந்தேன். பென்சிலில் அங்கே ஒரு 4 போட்டேன், மறுநாளிலிருந்து வந்தது.